குளிக்காமல் வரவும்

அம்பிகா குளிக்காமல் காபி குடித்ததை அவளுடைய நாற்பத்தாறு வருஷ வாழ்க்கையில் யாரும் பார்த்ததில்லை. குழாயைத் திறந்தால் பனிக்கட்டி விழுமோ என்று பயப்பட வைக்கும் டெல்லி ஜனவரியிலும் சரி, கீஸர் வெடித்த அன்றும் சரி, முதலில் குளியல், பிறகு விளக்கு, பிறகுதான் அடுப்பு. அவள் இருக்கும் துவாரகா அடுக்குமாடி சொசைட்டியில் தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்தால் மற்ற வீடுகளில் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். அம்பிகா குளிக்கப் பிடித்து வைப்பாள். குடிக்கிற தண்ணீரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், குளிக்கிற தண்ணீருக்கு எங்கே போவது என்பது அவள் வாதம். அவளிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை.

உத்தியோகமும் அதற்கேற்றாற்போல அமைந்திருந்தது. ஒரு மத்திய அமைச்சகத்தில் விஜிலென்ஸ் பிரிவு. யார் போகாத ஊருக்கு டூர் பில் போட்டார், யார் வீட்டு ஏசிக்கு யார் பணம் கொடுத்தார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. ஒருமுறை, விசாரணைக்கு உள்ளான அதிகாரியின் மேஜை அலங்கோலமாகக் கிடக்கிறதே என்று, இவள் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பியூன் நல்லெண்ணத்தோடு துடைத்து அடுக்கி வைத்துவிட்டான். சாட்சியத்தை அழித்துவிட்டாயே என்று அவனை அவள் வறுத்தெடுத்ததில் அவன் இரண்டு நாள் லீவு போட்டான். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தொந்தரவு தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தது. முதலில் வெள்ளைப்படுதல், அதில் ஒரு மஞ்சள் நிறம், ஒரு மாதிரி வாடை. அப்புறம் கணவனோடு சேர்ந்திருந்த பிறகு ரத்தம் தெரிந்தது. அம்பிகா செய்ததெல்லாம் குளியலைக் கூட்டியதுதான். மருந்துக்கடையில் குழல் வைத்த ரப்பர் பந்து ஒன்றை வாங்கி, வெந்நீரில் கிருமிநாசினி ஒரு மூடி கலந்து, உள்ளே வரைக்கும் பீய்ச்சிக் கழுவ ஆரம்பித்தாள். வாடை போவது போலப் போய், மறுநாள் மாலை திரும்பி வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள்.

துவாரகாவில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த கிளினிக்கில் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழ் மாமி உட்கார்ந்திருப்பாள் என்பதால், மெட்ரோவில் ஏறிப் புசா ரோடு பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் பெயர் அனன்யா. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அப்பா அம்மா தமிழர்கள், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. தமிழில் பேச ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பாள். அம்பிகாவை முதல் பார்வையிலேயே ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். அம்பிகா அதை மன்னிக்கவில்லை.

பரிசோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் செக்கச்செவேலென்று வீங்கியிருக்கிறது, பஞ்சு பட்டாலே ரத்தம் கசிகிறது, இதற்குப் பெயர் செர்விசைட்டிஸ் என்றாள் டாக்டர். எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். க்ளமிடியாவாக இருக்கலாம், கொனோரியாவாக இருக்கலாம், ட்ரைகோமோனாஸ் என்று ஒன்று உண்டு, மைக்கோப்ளாஸ்மா உண்டு, ஹெர்பிஸும் உண்டு. ஆளுக்கு ஒரு மருந்து, ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றுக்குக் கேட்காது. க்ளமிடியா என்ற பெயரைக் கேட்டபோது, சவுத் எக்ஸ் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்கு வைத்தால் நன்றாக ஓடும் என்றுதான் அம்பிகாவுக்குத் தோன்றியது. இதெல்லாம் எப்படி வரும் என்று கேட்டாள். பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் என்றாள் டாக்டர். அப்புறம், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மெதுவாக, அங்கிள் டூர் எல்லாம் போவாரா என்று கேட்டாள்.

போவார் என்றாள் அம்பிகா.

அங்கிள் என்றால் அச்சுதன். ஏர்போர்ட் கார்கோ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. மாதம் ஒருமுறை லக்னோ போவான். அம்பிகாவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவன் டூர் போகாமலே எல்லாம் செய்தவன். அவனிடமிருந்து வெளியே வந்து இரண்டு வருஷம் தனியாக இருந்துவிட்டு, அச்சுதனைக் கட்டி நான்கு வருஷம். அச்சுதனுக்கும் இரண்டாவதுதான். அவன் முதல் மனைவி உஷா உடம்பு சரியில்லாமல் இறந்துபோனவள். அவள் போனதிலிருந்து அவன் கோயில் படியை மிதித்ததில்லை, சாமி படத்துக்கு முன்னால் நின்றதில்லை. மற்றபடி பரம சாது. சாம்பாரில் உப்பே இல்லையென்றாலும், "இன்னிக்கு உப்பு கொஞ்சம் அடக்கமா இருக்கு" என்று சொல்லிச் சாப்பிடுகிறவன். அப்படிப்பட்டவனை அம்பிகா சந்தேகப்பட்டாள். ஒருமுறை ஏமாந்தவளுக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும், பாவம். இன்னொரு தடவை அதே பள்ளத்தில் விழுந்துவிட்டோம் என்று வந்தால் தன்னால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சாட்சியம் கையில் கிடைக்கும்வரை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்பது விஜிலென்ஸ் பாடம். அதனால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. புசா ரோடில் என்ன வேலை என்று அச்சுதன் கேட்டபோது, சும்மா ஒரு செக்கப் என்றாள். அவன் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்தே சாட்சியங்கள் குவிய ஆரம்பித்தன. செவ்வாய்க்கிழமைகளில் அச்சுதன் தாமதமாக வந்தான். ஏன் என்றால் ஆபீஸில் வேலை என்றான், அதைச் சொல்லும்போது ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னான். சட்டையில் சந்தன வாசனை. ஒரு செவ்வாய், துவைக்கப் போட்ட சட்டைப் பையைத் துழாவியபோது கையில் தட்டுப்பட்டது ஒரு ரோஜா இதழ். அம்பிகா அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய், வெந்தயக்கீரை போட்டு வைக்கிற ஜிப் கவர் ஒன்றில் போட்டு மூடி, புடவைக்கு அடியில் வைத்தாள். ஐம்பது வயதில் ரோஜாப்பூ கேட்கிறதா என்று அன்று இரவு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

ஆனால் முக்கியச் சாட்சி அகப்படவில்லை. லேபுக்கு அனுப்பிய பஞ்சுக்குச்சியில் க்ளமிடியா இல்லை, கொனோரியா இல்லை. புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையும் சுத்தம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்றும் குறையவில்லை. கிளினிக்கிலேயே ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருந்தாள் அனன்யா. எடுத்த சொட்டைச் சூடு ஆறுவதற்குள் அதில் வைத்துப் பார்த்தாள், வெள்ளை அணுக்கள் கும்பலாகக் கிடந்தன, வேறு யாரும் இல்லை. கல்லெறிந்த கூட்டம் கலைந்துபோன தெரு மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டாவது தடவை போனபோதும் அதே காலித் தெரு.

அந்த இரண்டாவது தடவைதான் டாக்டருக்கு மூக்கில் ஏதோ பட்டது. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, காற்றை முகர்ந்து பார்த்தாள். பிறகு, வருவதற்கு முன்னால் கழுவிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டாள்.

இதைவிடப் பெரிய அவமானம் அம்பிகாவுக்கு யாரும் செய்ததில்லை. பின்னே கழுவாமலா வருவார்கள்? டாக்டர் பார்க்கப்போகிற இடமல்லவா? தினமும் ஒரு தடவை, டாக்டரிடம் வருகிற நாளில் இரண்டு தடவை, வெந்நீர், கிருமிநாசினி, ரப்பர் பந்து என்று செய்முறை விளக்கத்தோடு பெருமையாகச் சொன்னாள். தன்னைப்போல் சுத்தமான நோயாளி இந்த கிளினிக்குக்கு வந்திருக்க மாட்டாள் என்பது அவள் எண்ணம். சொல்லச் சொல்ல டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, கொலை நடந்த ரூமை ரெண்டு தடவை மாப் போட்டுட்டு, போலீஸைக் கூப்பிட்டிருக்கீங்க."

அம்பிகாவுக்கு அந்தப் பியூனின் முகம் கண்முன் வந்து நின்றது.

அனன்யா பொறுமையாகச் சொன்னாள். உள்ளே கழுவவே கூடாது, அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இந்த மருந்துத் தண்ணீர் புண்ணை இன்னும் கிளறுகிறது. அதோடு, பிடிக்க வேண்டிய கிருமியையும் பாதி அடித்துக்கொண்டு போய்விடுகிறது, மிச்சம் உள்ளே ஒளிந்துகொண்டு மறுபடி பெருகுகிறது. ரப்பர் பந்தைக் குப்பையில் போடுங்கள். சனிக்கிழமை காலை வாருங்கள். வெளியே குளித்தால் ஒன்றும் தப்பில்லைதான், ஆனால் உங்களை பாத்ரூமுக்குள் விட்டால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். அதனால் குளிக்காமலே வாருங்கள்.

அம்பிகா ஆபரேஷன் என்றால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. அச்சுதன் எழுந்து வந்தபோது விளக்கு ஏற்றவில்லை, அடுப்புப் பற்றவில்லை. நேற்றைய பின்னலோடு சோபாவின் ஓரத்தில், எதையும் தொட்டுவிடக் கூடாது என்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டு அம்பிகா உட்கார்ந்திருந்தாள். அவன் அறை வாசலிலேயே நின்று கேட்டான்.

"ஏன் குளிக்கல?"

மனசில்லை என்றாள். அவன் முகம் வெளுத்துப் போனதை அவள் பார்த்தாள். மாட்டிக்கொண்டவனின் முகம் என்று முடிவு கட்டினாள். அவனே போய்க் காபி போட்டு வந்தான். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு, எங்கே போகிறாயோ அங்கே நானும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்ல வந்தவள் யோசித்தாள். தீர்ப்புச் சொல்லும்போது குற்றவாளி கூண்டிலேயே இருந்தால் நல்லதுதானே. புடவைக்கு அடியிலிருந்த ஜிப் கவரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

லிஃப்ட்டில் மூன்றாவது மாடித் தமிழ்செல்வி ஏறினாள். அம்பிகாவின் காய்ந்த தலையைப் பார்த்தாள், நேற்றைய பொட்டைப் பார்த்தாள், உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டாள். கார் பாலம் தாண்டுவதற்குள் சொசைட்டித் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர் அம்பிகா சீக்கிரம் குணமாகப் பிரார்த்தித்திருந்தார்கள். ஒருத்தி எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருந்தாள்.

கிளினிக்கில் அச்சுதனை வெளியே உட்காரவைத்துவிட்டு அம்பிகா உள்ளே போனாள். டாக்டர் சொட்டை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்கு ஓடினாள். பிறகு, மாட்டிக்கிச்சு ஆன்ட்டி, ஜல்தி வாங்க என்று ஹிந்தியும் தமிழுமாகக் கத்தினாள். அம்பிகா புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள்.

பேரிக்காய் வடிவத்தில், கண்ணாடி போல, வாலும் மீசையுமாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் இன்னொன்று. அங்கே ஐந்தாறு பேர். ராஜீவ் சவுக்கில் கதவு மூடுவதற்குள் மெட்ரோவுக்குள் நுழையப் பார்க்கிறவர்கள் மாதிரி, வெள்ளை அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அங்கும் இங்கும் புரண்டார்கள். இதுதான் ட்ரைகோமோனாஸ் என்றாள் அனன்யா. உயிரோடு இருக்கும்போது, ஓடும்போது பிடித்தால்தான் இப்படிக் கண்ணில் படும். ஊருக்கே சுத்தம் போதிக்கிற தனக்குள் இத்தனை பேர் குடியிருந்திருக்கிறார்கள் என்ற அருவருப்பு அம்பிகாவுக்கு இருந்தது. கூடவே, நீண்ட நாள் தேடிய ஆள் கையும் களவுமாக அகப்பட்ட திருப்தியும் இருந்ததை மறைப்பானேன்.

தலை நிமிர்ந்து, தன் ஆபீஸ் குரலில் கேட்டாள். "இதை யார் கொண்டு வந்தது?"

டாக்டர் கைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "மைக்ராஸ்கோப் பேரைச் சொல்லும், ஆன்ட்டி. யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லாது."

பிறகு அதை விளக்கினாள். ஆண்களிடம் இது பெரும்பாலும் அதிக நாள் தங்காது, தானாகவே போய்விடுவதும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் உடம்பில் ஒரு அடையாளமும் காட்டாமல் மாதக்கணக்காக, சிலரிடம் வருஷக்கணக்காகக்கூட இருக்கும். எங்கிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நீங்கள் சொன்ன அந்த முதல் கல்யாணத்திலிருந்தே வந்திருக்கலாம், அதை வைத்துக்கொண்டு அங்கிளைச் சண்டைக்கு இழுக்காதீர்கள் என்று சிரித்தாள்.

அம்பிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதல் கணவனை வீட்டை விட்டு, ஊரை விட்டு, பேச்சை விட்டெல்லாம் துரத்தியாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். அவன் கொடுத்தது இத்தனை வருஷம் கூடவே குடியிருந்திருக்கலாம். அப்படியானால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் யார்? கிருமி கிடைத்தது அவள் உடம்பில். அச்சுதன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளிடம் என்ன பதில் இருக்கிறது?

டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தாள். அம்பிகாவுக்கு ஏழு நாள், தினம் இரண்டு வேளை. அங்கிளுக்கும் கட்டாயம் உண்டு, இல்லையென்றால் இவளுக்குக் குணமானதை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் அவருக்கு ஒரே வேளை, நாலு மாத்திரையையும் சேர்த்து முழுங்கினால் முடிந்தது. தண்டனையிலும் ஆண்களுக்குச் சலுகை என்று அம்பிகா நினைத்துக்கொண்டாள். ஒரு வாரம் தள்ளிப் படுக்க வேண்டும், மது கூடாது, வாய் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும், மூன்று மாதத்தில் மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

வெளியே அச்சுதன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் வந்ததும் எழுந்தான், கேட்கவில்லை. கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும்போதும் கேட்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்ததும் அம்பிகாவே ஆரம்பித்தாள். அலுவலகத்தில் ஆயிரம் பேரைக் கேள்வி கேட்டவளுக்கு ஒரே ஒருவனிடம் பதில் சொல்லும் முறை வந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கிருமி இருக்கிறது, உறவு வழியாக வருகிற கிருமி, எப்போது வந்தது என்று தெரியாது, நீங்களும் மருந்து சாப்பிட வேண்டும்.

அச்சுதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேன்சர் இல்லையே?"

இல்லை, அந்த டெஸ்ட்டும் எடுத்தாகிவிட்டது, அது எதுவும் இல்லை என்றாள். அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். உஷாவும் முதலில் சும்மா ஒரு செக்கப் என்றுதான் சொன்னாளாம். பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்துத் திட்ட ஆரம்பித்த பிறகுதான் அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாத்திரைப் பையை எட்டிப் பார்த்தான்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி," என்றாள் அம்பிகா. கொஞ்ச தூரம் போனதும் அவளால் தாங்க முடியவில்லை. "வேற எதுவும் கேக்க வேண்டாமா உங்களுக்கு?"

"அதான் கேட்டேனே," என்றான் அவன்.

தௌலா குவானில் துவாரகா பக்கம் போகாமல் கார் வேறு பக்கம் திரும்பியது. ஆர்.கே.புரம் வரை போய்விட்டு வந்துவிடலாம், ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றான். என்ன வேலை என்றதற்கு, ஃபிரிட்ஜ் இல்லாததால் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு, மலை மந்திர் முருகன் கோயில் என்றான். நான்கு செவ்வாயாகப் போய்க்கொண்டிருக்கிறானாம். இவள் புசா ரோடு போய் வந்த வாரத்திலிருந்து. முருகனோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிவிட்டது, திடீரென்று போய் நிற்க வெட்கமாக இருந்தது, அதனால் வீட்டில் சொல்லவில்லையாம்.

அம்பிகா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மலை அடிவாரத்தில் காரை நிறுத்தினான். அவள் இறங்கவில்லை. குளிக்காமல் எப்படிக் கோயிலுக்கு வருவது? அவன் அதைப் புரிந்துகொண்டு, கார் ஜன்னலை இறக்கிவிட்டுத் தனியாகப் படியேறிப் போனான். அவளுக்குத் தெரியாமல் இங்கே வந்து போய்க்கொண்டிருந்த மனிதன், இன்று எல்லோரும் பார்க்க, இரண்டு இரண்டு படியாகத் தாவிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பையைத் திறந்து ஜிப் கவரை எடுத்தாள். முருகன் கழுத்திலிருந்து வந்த பிரசாதத்தைக் கீரைக் கவரில் போட்டு, சோரம் போனதற்குச் சாட்சியமாகப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தவள் இந்த உலகத்தில் இன்னொருத்தி இருப்பாளா? சிரிப்பு வந்தது, பாதியில் அது அழுகையாக மாறியது. இதழைக் கீழே போடவும் முடியாது, குளிக்காத கையால் தொடவும் கூடாது. கடைசியில் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, காரில் அவன் சில்லறை போட்டு வைக்கிற குழியில் வைத்தாள்.

அச்சுதன் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்தான். உள்ளங்கையில் அவளுக்காகக் கொஞ்சம் பொத்திக் கொண்டுவந்திருந்தான். ஜன்னலருகில் வந்து கையை நீட்டியவன், நினைவு வந்து பின்னால் இழுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வைத்துக்கொள் என்றான்.

"இப்பவே வைங்க," என்று அம்பிகா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.